அந்த வலது காலைப் பார்க்கச் சொல்லுங்கள்

ஈசூனிலிருந்து எழுதியிருக்கும் வாசகர், கிராஞ்சியில் சிங்கப்பூர் டர்ஃப் கிளப்பின் லாயங்களில் பல ஆண்டுகள் குதிரை பராமரிப்பாளராக இருந்தவர். 2024 அக்டோபர் 5ஆம் தேதி அங்கே கடைசிப் பந்தயம் நடந்து முடிந்த பிறகு, அவர் கவனித்துவந்த குதிரை ஈப்போவில் உள்ள ஒரு லாயத்துக்குப் போய்விட்டது. அவர் பாதுகாவல் வேலைக்கு மாறிவிட்டார். மூன்று வாரங்களுக்கு முன் காலைப் பயிற்சி ஓட்டத்தில் அந்தக் குதிரையின் இடது முன்னங்காலில் எலும்பு முறிந்து, மூன்று ஸ்க்ரூக்கள் போட்டு அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. அங்கே வேலை செய்யும் பழைய நண்பர் தினமும் வாட்ஸ்அப்பில் காணொளி அனுப்புகிறார். குதிரை தேறுகிறதா என்பதை அந்தக் காணொளிகளை வைத்து எப்படித் தெரிந்துகொள்வது, இப்போதே நடக்கவிடலாமா, உரிமையாளர் சொல்வதுபோல் மூன்று மாதத்தில் ஓடுமா, கால் ஒடிந்த குதிரையைக் கருணைக்கொலை செய்வதே மேல் என்று மற்றவர்கள் சொல்வது சரியா என்று அவர் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்த அன்றே, வலது காலைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று இரண்டு வரியில் ஒரு பதில் அனுப்பியிருந்தேன். அப்படி அவசரப்பட்டதற்கான காரணத்தை இங்கே விரிவாகச் சொல்கிறேன். நீங்கள் கேட்டவை எல்லாம் அறுவை செய்த இடது காலைப் பற்றிய கேள்விகள். என் கண் நின்றது, கடிதத்தின் நடுவில் நீங்கள் மகிழ்ச்சியோடு எழுதியிருந்த ஒரு செய்தியில். “இரண்டு நாளாக அடிபட்ட காலை நன்றாக ஊன்றி நிற்கிறான், வலது காலைத்தான் முன்னால் நீட்டி நீட்டி வைக்கிறான், தேறிவிட்டான்” என்று நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வலி மருந்து நான்கு நாளுக்கு முன்பே நிறுத்தப்பட்டுவிட்டது என்பதும் அதே பத்தியில் இருக்கிறது.

பின்னங்கால்களை மாற்றி மாற்றித் தளர்த்தி நிற்பது குதிரைக்கு இயல்பு. முன்னங்காலை நீட்டி வைத்து அதற்கு ஓய்வு கொடுப்பது இயல்பில்லை. அந்தக் காலில் ஏதோ நோகிறது என்றுதான் எந்த லாயத்திலும் எடுத்துக்கொள்வார்கள். இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அறுவைக்குப் பிறகு எல்லோருடைய பார்வையும் தையல் போட்ட காலிலேயே இருப்பதால், அந்தக் கால் ஊன்றப்படுவதைக் கண்டதும் மனம் குளிர்ந்துவிடுகிறது; அது ஏன் ஊன்றப்படுகிறது என்று கேட்கத் தோன்றுவதில்லை. இடது கால் ஆறிவருவதால் குதிரை அதை ஊன்றியிருக்கலாம். வலது கால் அதைவிட அதிகமாக வலிக்கத் தொடங்கியதாலும் ஊன்றியிருக்கலாம். காணொளியில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

பந்தயக் குதிரையின் எடை ஏறத்தாழ 450 முதல் 500 கிலோ. அதில் சுமார் 60 விழுக்காட்டை முன்னங்கால்கள் இரண்டும் தாங்குகின்றன. ஒரு முன்னங்கால் நொந்தால் அதன் பங்கில் பெரும்பகுதி மற்ற முன்னங்காலுக்குப் போகிறது. குளம்பின் உள்ளே இருக்கும் எலும்பும் வெளியே இருக்கும் குளம்புச் சுவரும் நூற்றுக்கணக்கான மெல்லிய மடிப்புகளால் நகமும் சதையும் போல ஒட்டியிருக்கின்றன, அந்த மடிப்புகளில்தான் குதிரையின் முழு எடையும் தொங்குகிறது. குதிரை அடியெடுத்து வைக்கும்போதும் காலை மாற்றி நிற்கும்போதும் குளம்பின் மீது சுமை ஏறி இறங்குவதால்தான் அவற்றுக்கு இரத்தம் சரியாகப் போய்வருகிறது. ஒரே காலில் நாள்கணக்காக இடைவிடாமல் சுமை இருந்தால் அந்த ஓட்டம் குறைகிறது; மடிப்புகள் நலிந்து பிரியத் தொடங்குகின்றன; உள்ளே உள்ள எலும்பு கீழே இறங்குகிறது, அல்லது முனை திரும்பிப் பாதத்தை அழுத்துகிறது. இதைத்தான் லேமினைட்டிஸ் என்கிறோம். முறிந்த எலும்பை ஸ்க்ரூ போட்டுச் சேர்த்துவிடலாம். பிரிந்துபோன மடிப்புகளைச் சேர்த்துவைக்க நம்மிடம் அப்படி எதுவும் இல்லை.

பார்பரோ என்ற குதிரையைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2006ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் கென்டக்கி டெர்பியை வென்று, அதற்கு இரண்டு வாரங்கள் கழித்து மே 20ஆம் தேதி பிரீக்னஸ் பந்தயம் தொடங்கிய சிறிது தூரத்திலேயே வலது பின்னங்கால் நொறுங்கி நின்றது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் நியூ போல்டன் மருத்துவமனையில் மறுநாள் டாக்டர் டீன் ரிச்சர்ட்சன் குழுவினர் ஓர் உலோகத் தகடும் 27 ஸ்க்ரூக்களும் வைத்து அந்தக் காலைச் சேர்த்தார்கள். மயக்கம் தெளியும்போது குதிரை கால்களை உதறி மீண்டும் எலும்பை முறித்துக்கொள்ளாமல் இருக்க, நீர்த்தொட்டியில் மிதக்கவிட்டு எழுப்பினார்கள். முறிந்த கால் பல வாரங்கள் நல்லபடியாகவே இருந்தது. ஜூலையில் இடது பின்னங்காலில், அதாவது அடிபடாத காலில், லேமினைட்டிஸ் வந்தது. குளம்புச் சுவரின் பெரும்பகுதியை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் போராடினார்கள். கடைசியில் முன்னங்கால்கள் இரண்டிலும் அதே நோய் வந்தபோது, 2007 ஜனவரி 29 அன்று அதைக் கருணைக்கொலை செய்தார்கள். உலகத்தின் சிறந்த கைகளும் பணமும் இருந்தும் அந்தக் குதிரையை இழந்ததற்கு அறுவை செய்த கால் மட்டும் காரணமில்லை.

உங்களைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. பார்பரோவுக்கு நேர்ந்ததும் உங்கள் குதிரைக்கு நேர்ந்ததும் வெவ்வேறு. நீங்கள் அனுப்பிய அறிக்கையின்படி, முட்டிக்குக் கீழே உள்ள நீள எலும்பின் அடிமுனையில், குளம்புக்குச் சற்று மேலே இருக்கும் ஃபெட்லாக் மூட்டுக்குள் தொடங்கி வெளிப்பக்கமாக மேலேறும் ஒரு விரிசல். துண்டு இடம் விலகவில்லை. பந்தயக் குதிரைகளில் நாங்கள் அடிக்கடி பார்க்கும் முறிவு இது. சிறு துளைகள் வழியாக ஸ்க்ரூக்களை இறக்கி, விரிசலின் இரு பக்கத்தையும் இறுக்கிச் சேர்த்துவிடுவதால், பெரும்பாலான குதிரைகள் சில நாள்களிலேயே அந்தக் காலை ஓரளவு ஊன்றிவிடும். ஆகவே மறுகால் லேமினைட்டிஸ் வரும் வாய்ப்பு இதில் குறைவு. வலது காலை நீட்டுவதற்கு வேறு காரணங்களும் இருக்கின்றன. குளம்புக்குள் சீழ் கட்டியிருக்கலாம். ஈரமான படுக்கையில் நாள் முழுதும் நிற்கும் குதிரைக்கு அது எளிதில் வரும். அதோடு இன்னொன்றையும் ஒதுக்கிவிட முடியாது. இந்த வகை முறிவு பெரும்பாலும் ஒரே நாளில் வருவதில்லை. வேக ஓட்டத்தில் அதே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் சுமையால் எலும்பு களைத்து, கண்ணுக்குத் தெரியாத சேதம் சேர்ந்து, ஒரு நாள் விரிசலாகிறது. இடது கால் ஓடிய ஓட்டத்தைத்தான் வலது காலும் ஓடியது. அங்கேயும் அதே இடத்தில் ஒரு தொடக்கம் இருக்கலாம்.

எனவே நண்பரிடம் முதலில் கேட்க வேண்டியது வலது குளம்பைப் பற்றி. நாடித்துடிப்பைப் பார்க்க அவருக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் இப்படிச் சொல்லுங்கள். காலையில் கட்டு மாற்றும்போது, ஃபெட்லாக் மூட்டின் பின்பக்கத்தில் இரு ஓரத்திலும் உருண்டையாகத் தட்டுப்படும் எலும்புகளின் மேல், விரல் நுனிகளை அழுத்தாமல் வைத்து மெல்ல உருட்டினால், கயிறு போன்ற ஒன்று விரலுக்கடியில் நழுவும்; அங்கேதான் துடிப்பு கிடைக்கும். நலமான குதிரையில் அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். தேடாமலே விரலைத் தட்டினால் அது நல்ல அறிகுறி இல்லை. வலது முன்னங்காலில் கிடைப்பதைப் பின்னங்கால்கள் இரண்டோடும் ஒப்பிட வேண்டும். இடது முன்னங்காலோடு ஒப்பிடக் கூடாது, ஏனென்றால் அறுவை நடந்த காலில் துடிப்பு சற்றுக் கூடுதலாகவே இருக்கும். குளம்பின் சூட்டைப் புறங்கையால் பார்ப்பதாக இருந்தால் வெயில் ஏறுவதற்கு முன் பார்க்க வேண்டும். நம் ஊர்ச் சூட்டில் நண்பகலுக்குப் பிறகு எல்லாக் குளம்பும் சூடாகத்தான் இருக்கும்.

அடுத்ததாக, வலி மருந்தை நிறுத்தச் சொன்னது யார் என்று கேளுங்கள். அறுவை செய்த மருத்துவர் சொல்லி நிறுத்தியிருந்தால் நான் குறுக்கே பேச மாட்டேன். ஆனால் “மருந்து வயிற்றைக் கெடுக்கும், இயற்கையாக ஆறட்டும்” என்று லாயத்தில் யாராவது முடிவு செய்திருந்தால், அது தவறான முடிவு. பியூட் என்று நீங்கள் அழைக்கும் ஃபினைல்பியூட்டசோன் அளவு மீறினால் இரைப்பையிலும் குடலிலும் புண் உண்டாக்கும், சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பது உண்மைதான். அதைவிடப் பெரிய உண்மை, அறுவை செய்த கால் வலித்தால் குதிரை மற்ற காலில்தான் நிற்கும் என்பது. இந்த மருந்து மறுகாலையும் சேர்த்துக் காப்பாற்றுகிறது. மருந்து நிறுத்தி இரண்டு மூன்று நாள் ஆன பிறகுதான் கால்கள் உண்மையைச் சொல்லும். நண்பரின் செய்தி வந்த நாளும் அதையே காட்டுகிறது.

இனிக் காணொளிகளைப் பற்றி. இப்போது வருபவை எல்லாம் காலை நெருங்கி எடுத்தவை; அவற்றில் ஒரு கட்டு தெரிகிறது, வேறொன்றும் தெரிவதில்லை. தள்ளி நின்று, முழுக் குதிரையும் நான்கு குளம்புகளும் படுக்கையும் தெரியும்படி, குதிரையைக் கூப்பிடாமல், தீவனம் காட்டாமல், ஐந்து நிமிடம் எடுக்கச் சொல்லுங்கள். எந்தக் காலில் எவ்வளவு நேரம் நிற்கிறது, காதுகள் எப்படி இருக்கின்றன, அறையின் பின்மூலையில் தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறதா, வாசலுக்கு வந்து எட்டிப் பார்க்கிறதா என்பதெல்லாம் அதில் தெரியும். உடம்பில் ஒட்டியிருக்கும் மரத்தூள் ஒரு நல்ல செய்தி. இரவில் படுத்து எழுந்திருக்கிறது என்று பொருள். படுத்திருக்கும் நேரமெல்லாம் நான்கு குளம்புகளுக்கும் ஓய்வு. படுக்கையை ஆழமாகப் போடச் சொல்வதும் அதனால்தான்.

படத்தோடு நான்கு தகவல்கள் வர வேண்டும்: காலை மாலை உடல் வெப்பம், ஓய்வில் இதயத்துடிப்பு, எவ்வளவு புல் தின்றது, எத்தனை முறை லத்தி போட்டது. வெப்பம் 38.5 செல்சியசைத் தாண்டினால், அதுவும் விடியற்காலையில் தாண்டினால், தொற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருப்பது இயல்பு. அசையாமல் நிற்கும் குதிரைக்கு அது 50க்கு மேலேயே இருந்துகொண்டிருந்தால் எங்கோ வலிக்கிறது. அறைக்குள்ளேயே அடைந்து கிடக்கும் குதிரையின் குடலும் மந்தமாகிவிடும். லத்தி குறைவதும் வறண்டு சிறுப்பதும் வயிற்றுவலிக்கு முன்னோடி. ஓட்டக் காலத்துத் தானியத் தீவனத்தை இன்னும் அப்படியே கொடுத்துக்கொண்டிருந்தால் உடனே குறைக்கச் சொல்லுங்கள். புல் தாராளமாக இருக்கட்டும், தண்ணீர் வாளி எப்போதும் நிறைந்திருக்கட்டும். மூச்சு வேகமாக இருக்கிறது என்று ஒருமுறை எழுதியிருந்தீர்கள். கிராஞ்சியில் இருந்தபோதே இதற்கு வியர்வை குறைவு என்றும் சொல்கிறீர்கள். வெப்பமண்டலத்துக்கு வந்த குதிரைகளில் வியர்வை நின்றுபோவது உண்டு. அவை சூட்டை மூச்சு வழியாக வெளியேற்றப் பார்க்கும். ஆகவே மூச்சு வேகத்தை மட்டும் வைத்து வலி என்று முடிவு கட்ட வேண்டாம். மின்விசிறி நாள் முழுதும் ஓட வேண்டும்.

கட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, நீங்கள் கட்டாத கட்டா. வியர்வையிலோ கழுவும் தண்ணீரிலோ நனைந்த கட்டு ஒரு மணி நேரம்கூட இருக்கக் கூடாது என்பதை மட்டும் நண்பருக்கு நினைவூட்டுங்கள். தையல் பிரித்த இடத்தில் புதிதாக ஈரமோ வீக்கமோ தென்பட்டால் கழுவி மருந்து போட்டுப் பார்ப்போம் என்று காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். உள்ளே உலோகம் இருக்கும் காலில் தொற்று எலும்பு வரை போய்விடும்.

நடக்கவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வலது கால் ஏன் நீட்டப்படுகிறது என்று தெரியும் வரை வேண்டாம். அது ஒன்றுமில்லை என்று தெளிவான பிறகு, அறுவை செய்த மருத்துவர் அனுமதித்தால், நான்காவது வாரம் வாக்கில் கையில் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிட நடையில் தொடங்கலாம். சமமான, உறுதியான தரையாக இருக்க வேண்டும்; மணலில் கால் புதையும். வாரங்களாக அறையில் அடைந்திருந்த குதிரை வெளிக்காற்று பட்டதும் துள்ளிக் குதிக்கும். ஒரே ஒரு துள்ளலில் மூன்று ஸ்க்ரூவும் வளைந்து போகலாம். அனுபவமுள்ள ஆள் பிடிக்க வேண்டும், தேவைப்பட்டால் மருத்துவர் லேசான அமைதி மருந்து கொடுப்பார். இரண்டாம் மாத முடிவில் ஓர் எக்ஸ்ரே. அதில் விரிசல் கோடு மங்கிவருவது தெரிந்தால் சிறிய அடைப்புக்குள் தனியாக விடலாம். நான்காம் மாதம் வாக்கில் இன்னொரு எக்ஸ்ரே எடுத்து, அதுவும் நன்றாக இருந்தால்தான் மெதுஓட்டத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

ஆகவே மூன்று மாதத்தில் பந்தயம் என்பது நடக்காத பேச்சு. உரிமையாளர் ஆசையில் சொல்லியிருக்கிறார். எலும்பு ஒட்டுவதற்கு மூன்று நான்கு மாதம் ஆகும். அந்த ஓய்வுக் காலத்தில் முறியாத எலும்புகளும் சேர்ந்தே வலு இழக்கும், ஏனென்றால் எலும்பு தன் மீது விழும் சுமைக்கேற்பத்தான் தன்னைக் கட்டிக்கொள்கிறது. அந்த வலுவைத் திரும்பக் கொண்டுவரும் பயிற்சிக்கு மேலும் சில மாதங்கள் வேண்டும். எல்லாம் ஒழுங்காகப் போனாலும் ஆறேழு மாதத்துக்கு முன் பந்தயத்தை நினைக்க வேண்டாம். துண்டு இடம் விலகாத இந்த வகை முறிவில் அறுவை செய்துகொண்ட குதிரைகளில் பெரும்பாலானவை மீண்டும் ஓடியிருக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். விலகிய முறிவாக இருந்திருந்தால் இவ்வளவு துணிவாகச் சொல்ல மாட்டேன்.

கருணைக்கொலையே மேல் என்று சொல்பவர்களுக்கு மில் ரீஃப் கதையைச் சொல்லுங்கள். 1971இல் எப்சம் டெர்பியையும் பாரிசின் ஆர்க் பந்தயத்தையும் வென்ற அந்தக் குதிரைக்கு, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் பயிற்சி ஓட்டத்தில் இடது முன்னங்கால் நொறுங்கியது. உங்கள் குதிரைக்கு வந்ததைவிட மிகமோசமான முறிவு. இன்றைய கருவிகள் எதுவும் இல்லாத காலம். தகடும் ஸ்க்ரூவும் வைத்துச் சேர்த்து, மாவுக்கட்டோடு பொறுமையாக நின்று தேறியது. மறுபடி ஓடவில்லை. இனப்பெருக்கத்துக்குப் போய், 1978இல் அதன் மகன் ஷெர்லி ஹைட்ஸ் அதே எப்சம் டெர்பியை வென்றது. கட்டுப்படுத்த முடியாத வலி, கூடவே தேறும் வழி இல்லாத நிலை, இவை இரண்டும் சேரும்போதுதான் கருணைக்கொலையைப் பற்றிப் பேச வேண்டும். கால் ஒடிந்தது என்பது மட்டும் அதற்குப் போதாது.

ஆனால் மில் ரீஃபுக்கு இருந்த ஒன்று உங்கள் குதிரைக்கு இல்லை. அது இனப்பெருக்கத்துக்கு மதிப்புள்ள ஆண் குதிரை, உங்களுடையது விதையடிக்கப்பட்டது. ஓடாவிட்டால் அதற்குச் சந்தையில் விலை இல்லை. இதை எழுதுவது கசப்பாகத்தான் இருக்கிறது, எனினும் “மீண்டும் ஓடுமா” என்று கேட்பதைவிட, “ஓடாவிட்டால் இதற்கு யார் தீனி போடுவது” என்று உரிமையாளரிடம் இப்போதே, செலவு செய்த சூடு ஆறுவதற்கு முன், கேட்பது நல்லது. எலும்பு நன்றாக ஒட்டிய குதிரை பந்தய வேகத்தைத் தாங்காவிட்டாலும் நடைச் சவாரிக்கு ஏற்றதாக இருக்கலாம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகள் சவாரிப் பள்ளிகளில் வேலை செய்கின்றன. அதற்கு இடம் தேட நேரம் பிடிக்கும். குதிரையின் குணத்தை அறிந்தவர் என்ற முறையில் உங்கள் வார்த்தைக்கு அங்கே மதிப்பிருக்கும்.

நேரில் போய்ப் பார்க்கலாமா என்று தயங்கியிருக்கிறீர்கள். தாராளமாகப் போங்கள். உரிமையாளரிடமும் பயிற்றுநரிடமும் முன்னதாகச் சொல்லிவிட்டுப் போங்கள்; நண்பர் உங்களுக்குப் படம் அனுப்புவது அவர்களுக்குத் தெரியுமா என்பதையும் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அவருடைய வேலைக்குச் சிக்கல் வரும். இங்கிருந்து மருந்தோ தைலமோ எதுவும் எடுத்துச் செல்ல வேண்டாம்.

அதற்கு முன், இன்றைக்கே, வலது முன்னங்காலுக்கு எக்ஸ்ரே எடுக்க அறுவை செய்த மருத்துவரிடம் பயிற்றுநர் வழியாகக் கேளுங்கள். ஃபெட்லாக் மூட்டுக்கு ஒன்று, குளம்புக்குப் பக்கவாட்டில் ஒன்று. குளம்பைப் படம் எடுக்கும்போது முன்சுவரின் நடுவில் மேலிருந்து கீழாக ஓர் உலோகக் கம்பியை ஒட்டி எடுத்தால், சுவருக்கும் உள்ளே உள்ள எலும்புக்கும் இடையே உள்ள இடைவெளியை அளந்து பார்க்க முடியும். இன்று எடுக்கும் படத்தில் எல்லாம் சரியாகவே இருந்தாலும் அது வீணில்லை. பத்து நாள் கழித்து அடுத்த படத்தை அதோடு ஒப்பிடலாம். மருத்துவருக்கு ஆட்சேபம் இல்லையென்றால் இரண்டு படங்களையும் எனக்கு அனுப்பிவையுங்கள். பார்த்துவிட்டு அவரிடமே நேரடியாகப் பேசுகிறேன்.